தொட்டிக்குத் தக்கபடி மீன் வளர்வதில்லை

கோலியனூர் கூட்டுரோட்டில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளின் கையில் மீன் பையை அடிக்கடி பார்க்கிறேன். விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ வாங்கியிருப்பார்கள். காற்றடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பைக்குள் இரண்டு அங்குல ஆஸ்கர் குஞ்சுகள் இரண்டு. அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு ஒரு சக்கர் மீன். இன்னொரு கையில் சின்ன ஃபில்டர் பெட்டி. தொட்டி எத்தனை அடி என்று கேட்டால் "ரெண்டடி சார்" என்பார்கள். "இது பெரிசா வளர்ற மீனாச்சேப்பா" என்றால் பதில் தயாராக இருக்கும்: "தொட்டிக்குத் தக்கதான் சார் வளரும். ஃபில்டர் இருக்கு. அழுக்கைச் சக்கர் தின்னுடும்."

இந்தப் பதில் அந்தப் பிள்ளையின் சொந்தச் சரக்கு அல்ல. விற்பவர் சொல்கிறார். பத்து வருடம் மீன் வளர்த்த சித்தப்பா சொல்கிறார். வாஸ்துவுக்காகக் கூடத்தில் தொட்டி வைத்த பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். சொல்லிச் சொல்லி அது ஊரறிந்த உண்மை போல ஆகிவிட்டது. அதன் மூன்று வாக்கியங்களும் தவறு. ஒன்றுக்கு ஒன்று முட்டுக்கொடுத்து நிற்பதால் ஒரு தவறு மற்றதை மறைக்கிறது, நடுவில் மீன் சாகிறது. செத்த மீனைத் தூக்கிப் போட்டுவிட்டு "ராசியில்லை" என்கிறோம்.

முதல் வாக்கியத்துக்கு நம் ஏரியிலேயே ஒரு சாட்சி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஜிலேபிதான் அந்தச் சாட்சி. ஆஸ்கரும் ஃபிளவர்ஹார்னும் எந்தக் குடும்பமோ அதே சிக்லிட் குடும்பம்தான் ஜிலேபியும். 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நம் குளம் குட்டையெல்லாம் பரவிய ஆப்பிரிக்க மீன் அது. பெரிய ஏரியில் அரைக் கிலோ வரும் ஜிலேபி, ஊர்க்குட்டையில் உள்ளங்கை அளவோடு நின்றுவிடுகிறது. தண்ணீருக்குத் தக்க வளர்ச்சி என்று இதைத்தான் காட்டுகிறார்கள். காட்டுவது உண்மையான காட்சிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குட்டையில் நடப்பது என்ன? ஜிலேபித் தாய் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். குஞ்சுகள் தப்பிப் பிழைத்துப் பெருகும். தீனி பங்குபோட்டுப் போதாமல் போகும். நெருக்கடியில் மீன் வளர்வதை நிறுத்தி, விரல் நீளத்திலேயே முட்டை வைக்கத் தொடங்கிவிடும். பட்டினியாலும் நெருக்கத்தாலும் வந்த முடக்கம் அது. பஞ்சத்தில் பிறந்த பிள்ளை குள்ளமாக இருப்பதைப் பார்த்து, வீட்டுக்குத் தக்க வளர்ந்திருக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை.

ஆஸ்கர் அமேசான் ஆற்றுப் படுகையின் மீன். நல்ல தீனி கிடைத்தால் முதல் மாதங்களில் மாதம் ஏறக்குறைய ஓர் அங்குலம் வளரும். தொட்டியிலேயே 30 செ.மீ. எட்டும். முறையாக வளர்த்தால் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழும். நம் கடைகளில் அதிகம் விற்கும் இரண்டடித் தொட்டியின் அகலம் ஓரடி, அதாவது 30 செ.மீ. தன் நீளமே தொட்டியின் அகலம் என்றால் அந்த மீன் எப்படித் திரும்பும்? உடம்பை வளைத்து வளைத்துத் திரும்பும். நாளடைவில் முதுகு கூன் போடக் கூடும், தலையில் குழிப்புண் விழக் கூடும். "எங்க வீட்டு ஆஸ்கர் ரெண்டடியிலயே மூணு வருஷம் இருந்துச்சே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மூன்று வருடம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடம் வாழ வேண்டியதை மூன்று வருடத்தில் இழந்ததை வெற்றிக் கணக்கில் எழுத என்னால் முடியாது.

அடுத்தது ஃபில்டர். இதில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது, பணமும் அதிகம் வீணாகிறது.

ஃபில்டர் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று நம்புகிறோம். பஞ்சில் கழிவு பிடித்து, தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் அழுக்கு அல்ல. மீன் தன் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. பளிங்கு போன்ற தண்ணீரிலேயே மீன் வெந்து சாகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஸ்கர் குளிகைத் தீனியில் நூற்றுக்கு 40 பங்கு புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு நாளைக்கு 5 கிராம் தீனி போட்டால் அதில் 0.32 கிராம் நைட்ரஜன். அதில் பாதிதான் தண்ணீருக்கு வருகிறது என்று குறைத்தே வைத்தாலும் 160 மில்லிகிராம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒண்ணேகால் அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலும் 106 லிட்டர்தான் பிடிக்கும். ஆக ஒரே நாளில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் சேருகிறது. நாலடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி 450 லிட்டர். அதில் அதே மீன், அதே தீனி, சேர்வது மூன்றில் ஒரு மில்லிகிராம். ஃபில்டரைத் தொடாமலே, வெறும் தண்ணீரின் அளவை வைத்தே ஆபத்து நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பெரிய மீனுக்கு முதல் ஃபில்டர் தண்ணீரின் அளவுதான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. போர் தண்ணீர் உப்பு, பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும். என் வீட்டுத் தண்ணீரைச் சொட்டுமருந்து போட்டுப் பார்த்தால் பி.எச். 8 காட்டுகிறது. 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் ஏழு பங்கைத் தாண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் நம் வீட்டுத் தொட்டி 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. வேறு ஊர்க்காரர் அவர் ஊர்த் தண்ணீரை வைத்துச் சொல்லும் அளவு இங்கே செல்லாது.

இந்த அம்மோனியாவைக் கையாள்வது ஃபில்டருக்குள் குடியேறும் நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டாவது வேலையை நன்னீர்த் தொட்டிகளில் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் டிமத்தி ஹோவனெக் என்ற ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். புதுத் தொட்டியில் இவை குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடையில் ஃபில்டரையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருகிற பிள்ளையின் கையில் இருப்பது ஃபில்டர் அல்ல. அது மோட்டாரும் பஞ்சும்தான். ஃபில்டராக மாற அதற்கு ஒன்றரை மாதம் வேண்டும், மீனோ அந்த முதல் வாரத்திலேயே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். என் முதல் ஆஸ்கருக்கு ஒரு வருடம் நிறைந்தபோது தொட்டியைப் பளிச்சென்று ஆக்க நினைத்தேன். மொத்தத் தண்ணீரையும் இறைத்தேன். கூழாங்கல்லை வெயிலில் காயவைத்தேன். பஞ்சை பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். வாராவாரம் அப்படித்தான் கழுவ வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஒரு வருடமாகச் சேர்ந்த நுண்ணுயிரை ஒரே காலையில் கழுவி ஊற்றியிருந்தேன். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசினால் போதும். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மீனைக் கொன்றேன்.

ஃபில்டர் எவ்வளவு பெரிதானாலும் நைட்ரேட்டோடு அதன் வேலை நின்றுவிடும். அதைத் தொட்டியை விட்டு வெளியேற்ற வாளியும் குழாயும்தான் வழி. மணி பிளான்ட் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டால் கொஞ்சம் உறிஞ்சும், நான் விட்டிருக்கிறேன். அது உதவி மட்டும்தான், தண்ணீர் மாற்றுவதற்கு ஈடாகாது. "விலை கூடுன ஃபில்டர் சார், ஆறு மாசம் தண்ணி மாத்த வேணாம்" என்று யாராவது விற்றால் அந்தப் பொருளை வாங்காதீர்கள். 450 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்றால் பத்து வாளி. அந்தப் பத்து வாளியும் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும். அவற்றுக்கு அது உரம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. மணிக்கு 1200 லிட்டர் என்றால் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல், பஞ்சு இல்லாமல் மோட்டார் தள்ளும் அளவு அது. பஞ்சு அடைத்து, இரண்டடி மேலே ஏற்றினால் வெகுவாகக் குறையும். ஆஸ்கர் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது சம்ப். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி, மேலிருந்து வழிந்த தண்ணீர் பஞ்சிலும் கற்களிலும் புகுந்து, மோட்டார் வழியே மேலே ஏறும். பெரிய பிளாஸ்டிக் டிரம்மிலேயே செய்யலாம். விலையுயர்ந்த பீங்கான் வளையங்கள் வாங்க முடியாதவர்கள் நன்றாக வெந்த செங்கல்லை உடைத்துக் கழுவிப் போடலாம், அதன் துளைகளில் நுண்ணுயிர் குடியேறும். சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் வேண்டாம், ஏற்கெனவே உயர்ந்த பி.எச்.ஸை அவை இன்னும் தூக்கிப் பிடிக்கும். சம்ப் வைத்தால் மொத்தத் தண்ணீரும் கூடுகிறது, காற்றும் கலக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது காரணமே பெரிது. அது ஏன் என்று 2024இல் விழுப்புரம் மாவட்டமே பார்த்தது.

அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. தென்பெண்ணை கரையை மீறியது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மனிதர்கள் வீட்டையும் பயிரையும் இழந்து நின்றபோது தொட்டி மீனைப் பற்றிப் பேசுவது சிறிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம் பொறுப்பில் கண்ணாடிக்குள் அடைத்து வைத்த உயிர் அது. மோட்டார் நின்றதும், மூடிய பெட்டி வகை ஃபில்டருக்குள் இருந்த நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பிராணவாயு தீர்ந்து சாகத் தொடங்கின. மின்சாரம் வந்தவுடன் அழுகிய தண்ணீரை அது தொட்டிக்குள் துப்பியது. புயலைத் தாங்கிய மீன் கரண்டு வந்த பிறகு செத்தது. எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் இது நடந்தது. எங்கள் வீட்டில் தீனியை அடியோடு நிறுத்திவிட்டோம். பேட்டரி காற்றுக் குழாயை ஓடவிட்டோம். இரவில் பிள்ளைகள் முறைபோட்டுச் சொம்பால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றினார்கள். மீன் பிழைத்தது. 450 லிட்டரில் ஒரே ஒரு மீன் இருந்ததால்தான் பிழைத்தது. மூன்றடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கரும் நான்கு துணை மீனும் இருந்திருந்தால் சொம்பு எதுவும் செய்திருக்காது.

துணை மீன் என்றேன். மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன்.

சக்கர் அழுக்கைத் தின்னும் என்பது பொய். அது பாசியைச் சுரண்டும், மிஞ்சிய தீனியைத் தின்னும். ஆஸ்கரின் கழிவைத் தின்னாது. தின்றதைத் தொட்டி முழுக்க நூல் நூலாகக் கழிவாக விடும். கட்டை விரல் அளவில் வாங்கும் அந்த மீன் ஒன்றரை அடிக்கு வளரக் கூடியது. பாசி தீர்ந்த இரவுகளில் தூங்கும் ஆஸ்கரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல்வழுவழுப்பைச் சுரண்டும், அந்த இடம் புண்ணாகும். சின்ன சக்கரை ஆஸ்கர் விழுங்கப் பார்த்தாலோ அதன் துடுப்பு முள் தொண்டையில் சிக்கும், அப்போது இரண்டுமே சாகக் கூடும். துப்புரவுக்கு ஆள் வைத்ததாக நினைத்து, கழிவு விடும் இன்னொரு பெரிய மீனைச் சேர்த்திருக்கிறோம், வேறொன்றும் இல்லை.

'ஷார்க்' என்று வெள்ளி நிறத்தில் விற்கும் குஞ்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது சுறா இல்லை, பண்ணையில் உணவுக்காக வளர்க்கும் பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் ஆற்று மீன். பயந்த சுபாவம், ஆள் அசைந்தாலே கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். அதை ஆஸ்கருக்குத் துணை என்று விற்பது இரண்டு மீனுக்கும் செய்யும் கொடுமை. தங்க மீனும் வேண்டாம். அதன் உடலில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. ஆஸ்கர் அதைத் தின்றே பழகினால் பி1 வைட்டமின் குறைபாடு வரும்.

"தனியா இருந்தா மீன் வாடிப்போயிடும்" என்பார்கள். இந்த வாதத்தில் இரக்கம் இருக்கிறது, அதனால் இதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். கூட்டமாக நீந்தும் மீன்கள் தனித்து விடப்பட்டால் வாடுவது உண்மைதான். ஆஸ்கர் அந்த வகை இல்லை. இடத்துக்கு உரிமை கொண்டாடும் மீன் அது. ஃபிளவர்ஹார்ன் இன்னும் கடுமை. 1990களில் மலேசியாவில் பல சிக்லிட்களைக் கலந்து உண்டாக்கிய அந்த மீனுக்குக் கண்ணாடியில் தெரியும் தன் நிழலே எதிரி. அதற்குத் துணை தேடவே கூடாது. ஆஸ்கர் தன்னை வளர்ப்பவரை அடையாளம் தெரிந்துகொள்கிறது, தீனி டப்பா சத்தம் கேட்டால் முன்னால் வந்து நிற்கிறது. அதற்குத் தேவை இடமும் நல்ல தண்ணீரும். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, 680 லிட்டர் வைக்க வசதி உள்ளவர்கள் ஐந்தாறு சில்வர் டாலர் மீன்களைச் சேர்க்கலாம். வாய்க்குள் அடங்காத வட்ட உடம்பு, வேகமாக விலகும், சண்டைக்கு நிற்காது. ஆனால் தண்ணீர் மட்டுமே 680 கிலோ என்பதால் மாடி வீட்டில் வைக்குமுன் கொத்தனாரைக் கேளுங்கள்.

இயற்கையில் சிக்லிட்டுக்குத் துணை எப்படி அமைகிறது என்று பார்க்க அமேசான் வரை போக வேண்டாம். நம் திண்டிவனம், வானூர் பக்கத்தில் கழுவேலி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர் ஏரி. இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட் மூன்றே வகை. அதில் இரண்டு இப்படிப்பட்ட உப்பங்கழிகளின் மீன்கள்: கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் பெரிய மீன், செல்லாக்காசு என்னும் சின்னது. செல்லாக்காசு கரிமீனின் உடம்பில் ஒட்டிய பூசணத்தையும் ஒட்டுண்ணியையும் கொத்தி எடுப்பதை 1972இல் வைமன், வார்டு என்ற ஆய்வாளர்கள் இருவர் எழுதி வெளியிட்டார்கள். கரிமீன் அதற்கு இசைந்து அசையாமல் நிற்குமாம். ஒரே நீரில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து அமைந்த உறவு இது. அமேசான் ஆஸ்கரையும் மேகாங் ஆற்றுக் கெளுத்தியையும் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டால் அந்த உறவு வந்துவிடாது.

"எல்லாம் சரி, எங்க வீட்டுல ரெண்டடிக்குத்தான் இடம் இருக்கு" என்பவர்களுக்குச் செல்லாக்காசைத்தான் நான் சொல்வேன். எட்டு செ.மீ. அளவுதான் வளரும். மஞ்சள் உடம்பு, பெற்றோர் இரண்டும் சேர்ந்து குஞ்சைக் காக்கும் அழகு. நம் உப்புத் தண்ணீரே அதற்கு ஒத்துக்கொள்ளும். ஏரியில் வலை போட்டுப் பிடிக்காமல், தொட்டியில் பெருக்கியவர்களிடம் வாங்குங்கள். விற்பவர்களுக்கும் இதில் நட்டம் கிடையாது. சென்னை கொளத்தூரைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் வண்ண மீனை நம்பி வாழ்கின்றன. அவர்கள் தொழில் நசிய வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஒரு வருடத்தில் மூன்று முறை மீன் செத்து வெறுத்துப்போய்த் தொட்டியைப் பழைய இரும்புக்குப் போடுகிறவர் மறுபடி கடைப் பக்கம் போக மாட்டார். பத்து வருடம் ஒரு மீனை வளர்ப்பவர் பத்து வருடமும் தீனி வாங்குவார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மீன் தொட்டியை மீறியதும் பலர் அதைப் புண்ணியம் என்று நினைத்து ஏரியில் விடுகிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலை போடும் மீனவர்கள் இன்று கெண்டைக்குப் பதில் சக்கரை அள்ளுகிறார்கள், அதன் முள்ளில் வலை கிழிகிறது, விலை கேட்பார் இல்லை. அந்த மீன்கள் வீட்டுத் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் போனவை. கோலியனூர் ஏரியிலோ வாய்க்காலிலோ ஆஸ்கரையும் சக்கரையும் விடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டால் பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள், வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள். இனி வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் நாலடிக்கு இரண்டடி இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். இல்லையென்றால் ஆஸ்கர் வாங்க வேண்டாம்.